சாய்ந்த விசையும் செய்த வேலையும்



'வேலை' என்னும் சொல்லை நாம் நாள்தோறும் எத்தனையோ முறை சொல்லுகிறோம். அம்மாவுக்கு அடுப்படியில் வேலை. அப்பாவுக்கு வயலில் வேலை. அக்காவுக்கு ஊற்றில் தண்ணீர் எடுக்கும் வேலை. தேர்வு நெருங்கிவிட்டால் உங்களுக்கும் வேலை. இதே சொல் இயற்பியல் புத்தகத்திற்குள் நுழைந்ததும் சற்றே விறைத்துக்கொள்கிறது. அங்கே வேலை என்றால் அதற்கு ஓர் இலக்கணம் உண்டு. ஓர் அளவும் உண்டு.

அந்த இலக்கணம் நம்மைத் திகைக்க வைப்பதும் உண்டு. நயினார்கோவில் வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரு பெண் கண்மாய் ஊற்றுக்குப் போய், பதினைந்து லிட்டர் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, சமதளமான பாதையில் ஒரு கிலோமீட்டர் நடந்து வீடு சேருகிறாள். வியர்வை வழிகிறது, இடுப்பு வலிக்கிறது. "நடந்து வந்த வழியில் அந்தக் குடத்தைத் தாங்கிய விசை செய்த வேலை எவ்வளவு?" என்று இயற்பியலைக் கேட்டால், "பூஜ்யம்" என்று விடை வருகிறது! மறுநாள் அதே பெண் குடங்களைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளி வருகிறாள். இப்போது கேட்டால் ஆயிரக்கணக்கான ஜூல் என்று விடை வருகிறது.

இது என்ன நியாயம் என்று நீங்கள் கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். விடை ஒரே ஒரு சொல்லில் அடங்கியிருக்கிறது. அச்சொல் 'கோணம்'. விசை எந்தப் பக்கம் நோக்குகிறது, பொருள் எந்தப் பக்கம் நகர்கிறது, இவ்விரண்டுக்கும் இடையே உள்ள கோணம் எவ்வளவு என்று அறிந்துவிட்டால் இந்தப் புதிர் அவிழ்ந்துவிடும். வேலை செய்யாத விசை வீணான விசை அன்று என்பதும் அப்போது விளங்கும்.

வேலைக்கு அளவு வந்த கதை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் இயந்திரங்கள் பெருகின. மனிதன், குதிரை, நீர்ச்சக்கரம், நீராவி எந்திரம் ஆகிய அனைத்தின் உழைப்பையும் ஒரே கோலால் அளக்க வேண்டிய தேவை பொறியாளர்களுக்கு ஏற்பட்டது. பிரெஞ்சு அறிஞர் கொரியோலிஸ் 1829-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், விசையையும் அவ்விசையின் திசையில் நகர்ந்த தொலைவையும் பெருக்கி வரும் அளவுக்கு 'வேலை' என்று பெயரிட்டார். உழைப்பைக் குறிக்கும் அன்றாடச் சொல்லையே அவர் எடுத்துக்கொண்டார். அதனால்தான் இன்றுவரை அச்சொல் நம்மைக் குழப்புகிறது.

அளவின் அலகுக்கு ஜூல் என்று பெயர். மதுவடிக்கும் தொழிற் குடும்பத்தில் பிறந்த ஆங்கிலேயர் ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல் (1818–1889), கீழே விழும் எடைகளைக் கொண்டு நீரைக் கலக்கி, வேலை வெப்பமாக மாறுவதைத் துல்லியமாக அளந்து காட்டினார். அவர் நினைவாக வந்த பெயர் அது. ஒரு நியூட்டன் விசை ஒரு பொருளைத் தன் திசையிலேயே ஒரு மீட்டர் நகர்த்தினால், செய்யப்பட்ட வேலை ஒரு ஜூல்.

விசையும் வழியும் ஒன்றானால்

முதலில் எளிய நிலையைப் பார்ப்போம். 15 லிட்டர் நீரின் நிறை 15 கிலோகிராம். ஒவ்வொரு கிலோகிராமையும் புவி ஏறத்தாழ 9.8 நியூட்டன் விசையுடன் கீழே இழுக்கிறது. ஆகவே குடத்து நீரின் எடை 15 × 9.8 = 147 நியூட்டன். (குடத்தின் சொந்த எடையை இங்கே விட்டுவிடுவோம்.)

10 மீட்டர் ஆழமுள்ள கிணற்றிலிருந்து இந்த நீரைச் சீராக மேலே இழுக்கிறோம். கயிறு நீரை மேல் நோக்கி இழுக்கிறது. நீரும் மேல் நோக்கியே நகர்கிறது. விசையும் வழியும் ஒன்று. இடையே கோணம் 0°.

வேலை = 147 × 10 = 1,470 ஜூல்.

கிணற்றில் உருளை மாட்டியிருந்தால் கை கயிற்றைக் கீழ் நோக்கி இழுக்கிறது, வாளி மேலே வருகிறது. அப்படியானால் கோணம் 180° ஆகிவிடாதா என்று சிலர் ஐயுறுவர். ஆகாது. கை இழுப்பது கயிற்றின் நுனியை. அந்த நுனி கை இழுக்கும் பக்கமே, அதாவது கீழ் நோக்கியே, வருகிறது. எந்த விசையின் வேலையைக் கணக்கிடுகிறோமோ அந்த விசை பிடித்திருக்கும் இடம் எப்பக்கம் நகர்கிறது என்றே பார்க்க வேண்டும்.

விசை சாய்ந்தால்

வாழ்க்கையில் எல்லா விசைகளும் இப்படி நேர்வழியில் அமைவதில்லை. சிறுவன் ஒருவன் கயிறு கட்டி ஒரு பெட்டியைத் தரையில் இழுக்கிறான். பெட்டி தரையோடு நகர்கிறது. கயிறோ அவன் கையை நோக்கிச் சாய்ந்து மேலேறுகிறது. இங்கே என்ன செய்வது?

சாய்ந்த விசையை இரண்டு கூறுகளாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒரு தாளில் விசையின் அளவுக்கேற்ற நீளத்தில் ஒரு சாய்ந்த கோடு வரையுங்கள். அதன் நுனியிலிருந்து தரைக்கோட்டுக்கு ஒரு செங்குத்துக் கோடு இறக்குங்கள். ஒரு செங்கோண முக்கோணம் கிடைக்கும். சாய்ந்த கோடு அதன் கர்ணம். தரையோடு கிடக்கும் பக்கம் 'வழிக்கூறு'. நிற்கும் பக்கம் 'குறுக்குக்கூறு'. பெட்டியை வழியே நகர்த்துவது வழிக்கூறு மட்டுமே. குறுக்குக்கூறு பெட்டியைச் சற்றே தூக்கிப் பார்க்கிறது. ஆனால் பெட்டி மேலே எழவில்லை. ஆதலால் அக்கூறு செய்யும் வேலை பூஜ்யம்.

கர்ணத்தில் எத்தனை பங்கு வழிக்கூறாகிறது என்பதைச் சொல்லும் எண்ணே அக்கோணத்தின் கோசைன். எனவே,

வேலை = விசை × இடப்பெயர்ச்சி × கோணத்தின் கோசைன்.

இந்தக் கோசைனை அயல்நாட்டுச் சரக்கு என்று எண்ண வேண்டாம். கி.பி. 499-இல் ஆரியபட்டர் தம் நூலில் சைன் மதிப்புகளின் அட்டவணையைத் தந்தார். அவர் கையாண்ட 'ஜ்யா' என்ற வடசொல்லுக்கு வில்லின் நாண் என்பது பொருள். அச்சொல் அரபு மொழிக்குப் போய், அங்கே வேறு சொல்லாகப் படிக்கப்பட்டு, லத்தீனில் மொழிபெயர்க்கப்பட்டு, 'சைன்' என்ற உருவில் நம்மிடம் திரும்பி வந்திருக்கிறது. கோசைன் அதன் உடன்பிறப்பு.

மனத்தில் பதிக்க வேண்டிய மதிப்புகள் சில:

0° – 1
15° – 0.966
30° – 0.866
45° – 0.707
60° – 0.5
90° – 0
120° – (–0.5)
180° – (–1)

இப்பட்டியலை மனப்பாடம் செய்தால் மட்டும் போதாது. சற்று நின்று பாருங்கள். 0°-யிலிருந்து 30° வரை சாய்ந்தும் நூற்றுக்குப் பதின்மூன்று பங்குதான் குறைகிறது. அதற்கு அடுத்த 30° சாய்வில் நூற்றுக்கு முப்பத்தேழு பங்கு போய்விடுகிறது. கடைசி 30° சாய்வில் எஞ்சிய ஐம்பதும் போய்விடுகிறது. அதாவது சிறிய சாய்வை இயற்கை பொறுத்துக்கொள்கிறது. பெரிய சாய்வை மன்னிப்பதில்லை. இந்த உண்மையை நம் கடற்கரை மக்கள் எந்தப் பட்டியலும் இல்லாமல் அறிந்திருக்கிறார்கள்.

கரைவலை கற்பிக்கும் பாடம்

நயினார்கோவிலிலிருந்து கிழக்கே போனால் கடல். பாம்பன், தனுஷ்கோடிக் கரைகளில் கரைவலை இழுப்பதை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். கயிற்றின் ஒரு முனையைக் கரையில் விட்டுவிட்டு, வள்ளத்தில் சென்று கடலில் வலையை வளைத்து இட்டு, மறுமுனையை வேறோர் இடத்தில் கரை சேர்ப்பார்கள். பின்னர் இரு குழுவினர் இரு கயிறுகளையும் பிடித்து ஒரே தாளத்தில் இழுப்பார்கள். நடுவில் மீன் சேரும் மடி கரையை நோக்கி வரும்.

இரு குழுக்களும் 400 மீட்டர் இடைவெளியில் நிற்பதாகக் கொள்வோம். வலை கரையிலிருந்து 400 மீட்டர் தொலைவில் இருக்கிறது. வலை நேராகக் கரையை நோக்கி நகர்கிறது. கயிறுகளோ இருபுறமும் சாய்ந்து போகின்றன. வலை வரும் வழிக்கும் கயிற்றுக்கும் இடையே கோணம் ஏறத்தாழ 26½°. அதன் கோசைன் 0.894. நீரின் தடையை வென்று வலையை நகர்த்த மொத்தம் 2,000 நியூட்டன் வழிக்கூறு வேண்டும் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு கயிறும் 1,000 நியூட்டன் வழிக்கூறு தர வேண்டும். ஆகவே,

ஒரு கயிற்றின் இழுவிசை = 1,000 ÷ 0.894 = 1,118 நியூட்டன் (ஏறத்தாழ).

இனி வலை 100 மீட்டர் தொலைவுக்கு வந்துவிட்டது. ஆனால் குழுக்கள் நின்ற இடத்திலேயே நிற்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். கோணம் ஏறத்தாழ 63½° ஆகிவிடும், கோசைன் 0.447. இப்போது ஒரு கயிற்றின் இழுவிசை 1,000 ÷ 0.447 = 2,237 நியூட்டன். முன்னைக் காட்டிலும் இரு மடங்கு!

வலையை ஒரு மீட்டர் நகர்த்தச் செய்ய வேண்டிய வேலை அப்போதும் 2,000 ஜூல், இப்போதும் 2,000 ஜூல். வேலை மாறவில்லை, கோணம் கெட்டுவிட்டதால் கையும் கயிறும் இரட்டிப்புச் சுமை தாங்குகின்றன. ஆகவேதான் வலை நெருங்க நெருங்க இரு குழுக்களும் ஒன்றை நோக்கி ஒன்று நகர்ந்து வருகின்றன. இடைவெளி 40 மீட்டராகச் சுருங்கிவிட்டால், 100 மீட்டர் தொலைவில் கோணம் ஏறத்தாழ 11° தான். இழுவிசை சுமார் 1,020 நியூட்டன்தான். குழுக்கள் நெருங்கினால் மீன் தப்பும் வாயிலும் அடைபடும். கைக்கும் சுமை குறையும்.

அப்படியானால் தொடக்கத்திலேயே சேர்ந்து நின்று இழுக்கலாமே என்று கேட்பீர்கள். இழுத்தால் வலையின் வாய் மூடிக்கொள்ளும். இடக் கயிற்றின் குறுக்குக்கூறு ஒரு பக்கமும், வலக் கயிற்றின் குறுக்குக்கூறு எதிர்ப் பக்கமும் இழுத்து ஒன்றையொன்று சமன் செய்கின்றன. மடியைக் கரைக்குக் கொண்டுவரும் வேலையில் அவற்றுக்குப் பங்கில்லை. ஆயினும் வலையை விரித்துப் பிடித்திருப்பவை அவைதாம். வேலை செய்யாத விசையின் பயனுக்கு இது முதற் சான்று.

தள்ளுவதா, இழுப்பதா?

இனிக் கடற்கரையை விட்டு ஊருக்குள் வருவோம். நம் மாவட்டத்தில் பல ஊர்களில் நிலத்தடி நீர் உவர்ப்பு. காவிரிக் கூட்டுக் குடிநீர் வந்த பிறகு குழாய்கள் பெருகியிருக்கின்றன. என்றாலும் கோடையில் குடங்கள் அடுக்கிய தள்ளுவண்டிகளைச் சாலைகளில் காண்கிறோம். அவற்றைப் பெரும்பாலும் தள்ளி வருபவர்கள் பெண்கள். ஆகவே இந்தக் கணக்கு தேர்வுக்கு மட்டும் உரியதன்று.

எட்டுக் குடம் நீர் 120 கிலோகிராம்; வண்டியும் குடங்களும் 30 கிலோகிராம் என்று கொள்வோம். மொத்தம் 150 கிலோகிராம். எடை 1,470 நியூட்டன். மண்பாதையில் சக்கரத்திற்கு ஏற்படும் தடை, தரையை அழுத்தும் விசையில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். தரைக்கு இணையாகத் தள்ளினால் 147 நியூட்டன் போதும்.

ஆனால் வண்டியின் கைப்பிடி தாழ்வாக இருந்தால் தள்ளுபவர் குனிந்து, சாய்வாகக் கீழ் நோக்கித் தள்ள நேரிடுகிறது. சாய்வு 30° என்போம். அப்போது குறுக்குக்கூறு வண்டியைத் தரையில் மேலும் அழுத்துகிறது, தடை கூடுகிறது. கணக்குப் போட்டால்:

விசை × 0.866 = (1,470 + விசை × 0.5) ÷ 10

விசை = 147 ÷ (0.866 – 0.05) = 180 நியூட்டன்.

இதே வண்டியை முன்புறம் கயிறு கட்டி, அதே 30° சாய்வில் மேல் நோக்கி இழுத்தால், குறுக்குக்கூறு வண்டியின் பாரத்தைச் சிறிது தாங்கிக்கொள்கிறது, தடை குறைகிறது.

விசை × 0.866 = (1,470 – விசை × 0.5) ÷ 10

விசை = 147 ÷ (0.866 + 0.05) = 160.5 நியூட்டன்.

ஒரு கிலோமீட்டர் தொலைவுக்குச் செய்யும் வேலையை இனி ஒப்பிடுவோம்.

தள்ளும்போது: 180 × 1,000 × 0.866 = 1,56,000 ஜூல் (ஏறத்தாழ).
இழுக்கும்போது: 160.5 × 1,000 × 0.866 = 1,39,000 ஜூல் (ஏறத்தாழ).

வேறுபாடு 17,000 ஜூல். பத்து மீட்டர் கிணற்றிலிருந்து பதினொரு குடத்துக்கும் மேலாக நீர் இறைக்கும் வேலை அது! தசைகள் உணவிலிருந்து செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான் வெளிவேலையாக வருகிறது, எஞ்சியது வெப்பமாகிறது. எனவே 1,56,000 ஜூல் வேலைக்கு உடல் செலவிடுவது 6,24,000 ஜூல். அதாவது சுமார் 150 கிலோகலோரி. நடப்பதற்கான செலவு இதற்கு மேல். ஒரு நாளைக்கு மூன்று நடை போகும் பெண்ணுக்கு என்ன உணவு வேண்டும் என்பதை வீட்டில் உள்ளவர்கள் எண்ணிப் பார்ப்பது நன்று.

இதனால் பெற்றோர் அறிய வேண்டியது ஒன்றுண்டு. கயிறு கட்டி இழுக்க வசதிப்படாவிட்டாலும், வண்டியின் கைப்பிடியைத் தள்ளுபவரின் முழங்கை உயரத்திற்கு உயர்த்திக் கொடுத்தால், விசை தரைக்கு ஏறத்தாழ இணையாகிவிடும். 180 நியூட்டன் 147-ஐ நெருங்கிவிடும். கொல்லரிடம் ஒரு முழம் இரும்புக்குழாய் வைத்து ஒட்டச் சொன்னால் ஆகிற காரியம். வளரும் பெண்ணின் முதுகும் குனியாமல் பிழைக்கும்.

இங்கும் குறுக்குக்கூறைக் கவனித்தீர்களா? நேராக அது எந்த வேலையும் செய்யவில்லை. ஆனால் அழுத்தும்போது தடையைக் கூட்டுகிறது. தாங்கும்போது தடையைக் குறைக்கிறது. வேலையின் கணக்கில் தன் பெயரை எழுதாமலே கணக்கை மாற்றிவிடுகிறது.

செங்கோணமும் குடமும்

இப்போது தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். குடத்தை இடுப்பு மேல் நோக்கித் தாங்குகிறது. குடம் கிடையாகச் செல்கிறது. கோணம் 90°, கோசைன் பூஜ்யம், ஆகவே அந்த விசை செய்யும் வேலை பூஜ்யம். குடத்தைத் தரையிலிருந்து இடுப்புக்கு ஒரு மீட்டர் தூக்கியபோது 147 × 1 = 147 ஜூல் வேலை நடந்தது. அதன்பின் சீராக நடந்த ஒரு கிலோமீட்டரில் அத்தாங்கு விசை ஒரு ஜூலும் சேர்க்கவில்லை.

அப்படியானால் களைப்பு ஏன்? நம் தசை ஒரு மேசையைப் போன்றதன்று. மேசை மீது குடத்தை வைத்தால் மேசை எந்த ஆற்றலும் செலவிடாமல் ஆண்டுக்கணக்கில் தாங்கும். தசையிலோ நுண்ணிய இழைகள் ஒன்றையொன்று பற்றியும் விட்டும் மீண்டும் பற்றியுமே இறுக்கத்தைக் காக்கின்றன. ஒவ்வொரு பற்றுதலுக்கும் உணவிலிருந்து வந்த ஆற்றல் செலவாகி வெப்பமாகிறது. மேலும் நடக்கும்போது உடலும் குடமும் அடிக்கு அடி சில சென்டிமீட்டர் ஏறி இறங்குகின்றன. ஏற்றும் போதெல்லாம் தசை உழைக்கிறது. இறங்கும்போது அந்த ஆற்றல் முழுவதும் உடலுக்குத் திரும்பக் கிடைப்பதில்லை.

எனவே 'பூஜ்யம்' என்ற விடை, சீரான நடையில் குடத்தைத் தாங்கும் விசையைப் பற்றியது. தூக்கி வந்தவளின் உழைப்பைப் பற்றியது அன்று. அவள் உடல் செலவிட்ட ஆற்றலை அறிய வேண்டுமானால் உணவையும் மூச்சையும் அளக்க வேண்டும். அது வேறு கணக்கு. தண்ணீர் சுமப்பவள் ஒன்றும் செய்யவில்லை என்று இயற்பியலின் பெயரால் யாரேனும் சொன்னால், அவர் பாடத்தைப் பாதி படித்தவர் என்று அறிக.

எதிர்த்திசை விசையும் பாம்பன் பாலமும்

கோணம் 90°-ஐத் தாண்டினால் கோசைன் குறை எண்ணாகிறது. அதாவது விசை, நகர்வுக்கு எதிராக நிற்கிறது. தரையின் உராய்வு நகரும் பெட்டியைப் பின்னுக்கு இழுக்கும், கோணம் 180°, அதன் வேலை குறை எண். ஏறும் பொருளின் மீது புவியீர்ப்பு செய்யும் வேலையும் அப்படியே.

இதற்கு நம் மாவட்டத்திலேயே அழகிய சான்று உண்டு. 1914-ஆம் ஆண்டு பிப்ரவரி 24-ஆம் நாள் திறக்கப்பட்ட பழைய பாம்பன் ரயில் பாலத்தின் நடுப்பகுதி, கப்பல்களுக்கு வழிவிட இரு இறக்கைகளாகத் திறந்தது. அதை இயக்கியவர்கள் தொழிலாளர்களே. ரயில் போக்குவரத்து அப்பாலத்தில் 2022 டிசம்பரில் நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரல் 6-ஆம் நாள் திறக்கப்பட்ட புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக 17 மீட்டர் உயரம் எழுகிறது.

அந்த நடுப்பகுதியின் ஒவ்வொரு டன்னுக்கும் கணக்குப் பாருங்கள். ஒரு டன் எடை 9,800 நியூட்டன். 17 மீட்டர் ஏறும்போது புவியீர்ப்பு செய்யும் வேலை:

9,800 × 17 × (–1) = –1,66,600 ஜூல்.

நூற்றுக்கணக்கான டன்னுக்கு இது எவ்வளவு பெரிய சுமை! ஆனால் பொறியாளர்கள் கோபுரங்களின் வழியே கம்பி வடங்களைச் செலுத்தி, மறுமுனையில் சமன் எடைகளைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். பாலம் ஏறும்போது அவை இறங்குகின்றன. இறங்கும் ஒவ்வொரு டன்னின் மீதும் புவியீர்ப்பு, நகர்வின் திசையிலேயே விசை செலுத்துகிறது, கோணம் 0°, வேலை +1,66,600 ஜூல். இரண்டையும் கூட்டினால் ஒன்றையொன்று கழித்துக்கொள்கின்றன. மின்மோட்டார் செய்ய வேண்டியது, எஞ்சிய சிறு வேறுபாட்டையும் உராய்வையும் காற்றையும் வெல்லும் வேலை மட்டுமே. ஒரே புவியீர்ப்பு, ஒரு கோணத்தில் தடையாகவும் மறு கோணத்தில் துணையாகவும் நிற்பதைப் பாருங்கள்.

கணக்குப் போடும் முறை

தேர்வில் இவ்வகைக் கணக்கு வந்தால் பின்வரும் ஒழுங்கில் செல்லுங்கள்.

1. படம் வரைக. நகரும் திசையை ஓர் அம்புக்குறியாலும், விசையை மற்றோர் அம்புக்குறியாலும் குறிக்க.

2. எந்த விசையின் வேலை கேட்கப்படுகிறது என்று பார்க்க. ஒரே பொருளின் மீது இழுப்பு, எடை, தரையின் தாங்கு விசை, உராய்வு எனப் பல விசைகள் இருக்கும்.

3. அவ்விசைக்கும் நகர்வுக்கும் இடையே உள்ள கோணத்தைக் காண்க. வினாவில் 'நிலைக்குத்துடன் 30°' என்று தந்திருந்தால், கிடைத்தளத்துடன் கோணம் 60° என்பதை மறவாதீர்கள். மாணவியர் பலர் மதிப்பெண் இழக்கும் இடம் இதுவே.

4. மூன்றையும் பெருக்குக. விடையுடன் ஜூல் என்று எழுதுக. குறை எண் வந்தால் அஞ்சி அழித்துவிட வேண்டாம். விசை எதிர்த்து நிற்கிறது என்பதே அதன் பொருள்.

செய்து பாருங்கள்

ஆய்வகத்தில் ஒரு மரக்கட்டையில் நூல் கட்டி, சுருள்வில் தராசால் மேசை மீது மெதுவாகவும் சீராகவும் இழுங்கள். நூலின் சாய்வைப் பாகைமானியால் அளந்து 0°, 15°, 30°, 45°, 60° ஆகிய கோணங்களில் தராசு காட்டும் விசையைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்தக் கோணத்தில் விசை மிகக் குறைவாக இருக்கிறது? அது 0° ஆக இருக்காது. சற்றே சாய்ந்த ஒரு கோணமாக இருக்கும். ஏன் என்பதைத் தள்ளுவண்டிக் கணக்கைக் கொண்டு நீங்களே விளக்குங்கள்.

பயிற்சிக் கணக்குகள்

1. ஒரு நெல் மூட்டை 60° சாய்ந்த கயிற்றால் 100 நியூட்டன் விசையுடன் 20 மீட்டர் இழுக்கப்படுகிறது. கயிறு செய்த வேலை என்ன?

2. விளையாட்டுத் திடலைச் சமன் செய்யும் உருளையை 400 நியூட்டன் விசையால், 30° சாய்வில், 25 மீட்டர் இழுத்தால் செய்த வேலை என்ன?

3. கரைவலையின் இரு கயிறுகளும் தலா 900 நியூட்டன் விசையுடன், வலை வரும் வழிக்கு 45° சாய்ந்து இழுக்கின்றன. வலை 50 மீட்டர் நகர்ந்தால் மொத்த வேலை என்ன?

4. ஒரு மாணவி 5 கிலோகிராம் புத்தகப் பையுடன் படிக்கட்டு ஏறி 4 மீட்டர் உயரமுள்ள மாடிக்குச் செல்கிறாள். பையின் மீது புவியீர்ப்பு செய்த வேலை என்ன? மாடியில் சமதளத்தில் 30 மீட்டர் நடந்து வகுப்பை அடைகிறாள். அப்போது புவியீர்ப்பு செய்த வேலை என்ன?

5. நிலைக்குத்துடன் 30° சாய்ந்த கயிற்றால் 200 நியூட்டன் விசையுடன் ஒரு பெட்டி தரையில் 10 மீட்டர் இழுக்கப்படுகிறது. வேலை என்ன?

விடைகள்: (1) 1,000 ஜூல். (2) 8,660 ஜூல். (3) 63,630 ஜூல். (4) –196 ஜூல், பூஜ்யம். (5) 1,000 ஜூல்.

மாணவியரே! ஐந்து கணக்குகளையும் போட்டு முடித்தபின் ஆறாவதாக ஒன்றை நீங்களே அமைத்துக்கொள்ளுங்கள். உங்கள் தெருவில் தண்ணீர் வண்டி தள்ளும் ஒருவரிடம் அனுமதி கேட்டு, கைப்பிடியின் உயரத்தையும், அவர் முழங்கையின் உயரத்தையும், குடங்களின் எண்ணிக்கையையும், ஊற்றின் தொலைவையும் குறித்து வாருங்கள். கைப்பிடி தாழ்வாக இருந்தால், அதை உயர்த்துவதால் எவ்வளவு விசை மிச்சமாகும் என்று கணக்கிட்டு அவரிடம் சொல்லுங்கள். அடுத்த கோடைக்கு முன் அந்த வண்டிக்குப் புதிய கைப்பிடி வந்துவிட்டால், இப்பாடம் நன்றாகப் படிக்கப்பட்டது என்று பொருள்.